கம்பெனி தள்ளாடினால் ரெகுலேட்டரை விற்பதா, வைத்திருப்பதா?

மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் டைவிங் கற்றுக்கொண்ட ஒரு பெண் சில மாதங்களுக்கு முன் போன் செய்தாள். "அண்ணா, நான் வாங்கின ரெகுலேட்டர் கம்பெனி கைமாறிடுச்சாம். நாளைக்கு ஸ்பேர் கிடைக்காதுன்னு சொல்றாங்க. இப்பவே வித்துடட்டுமா?" ரெகுலேட்டர் என்றால் முதுகில் மாட்டும் சிலிண்டரிலிருந்து நீருக்குள் மூச்சுக்குக் காற்று தரும் கருவி. சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. 'தெரியாது, பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு வைக்கிற கேள்வி இல்லை. எங்கள் சின்ன டைவ் சென்டரின் சுவரிலும் எட்டு செட் தொங்குகிறது. அவளுக்குச் சொல்லும் பதில்தான் எனக்கும். அதனால் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

அவள் கேட்டது அக்வாலங் பற்றி. இந்தத் தொழிலின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று அது. ஜெர்மனியின் பிடியில் பிரான்ஸ் இருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கார்களை வாயுவில் ஓட்டப் பார்த்தார்கள். அதற்காக எமில் கன்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அவர் வேலை பார்த்தது ஏர் லிக்விட் என்ற வாயு நிறுவனத்தில். கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ அவரைத் தேடி வந்து, மனிதன் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று தரும் கருவி வேண்டும் என்றார். கார் வால்வு மூச்சு வால்வாக மாறியது. 1943-இல் முதலில் மார்ன் ஆற்றிலும் பிறகு மத்தியதரைக் கடலிலும் சோதித்தார்கள். 1946-இல் ஏர் லிக்விட் இதற்கென்றே லா ஸ்பிரோடெக்னிக் என்ற கம்பெனியைத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் அக்வாலங். இன்று நாம் வாயில் கவ்வும் எல்லா ரெகுலேட்டருக்கும் மூதாதை அந்தக் கருவி.

எழுபது வருடம் ஏர் லிக்விட்டின் நிழலில் இருந்த கம்பெனி 2016-இல் மாண்டகு என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கிருந்து, கடன் கொடுத்திருந்த பேரிங்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 2025-இல் ஹெட் குழுமம் வாங்கியது. ஆம், டென்னிஸ் மட்டை செய்யும் அதே ஹெட். அவர்களிடம் ஏற்கெனவே இத்தாலியின் மாரெஸ் இருக்கிறது, எஸ்.எஸ்.ஐ. பயிற்சி அமைப்பு இருக்கிறது. இப்போது அக்வாலங்கும், அதோடு சேர்ந்த இங்கிலாந்தின் ஏபெக்ஸும் அதே கூரைக்கு வந்துவிட்டன.

பத்து வருடத்துக்குள் இத்தனை கை மாறினால் வாங்கியவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீருக்குள் மூச்சு விட உதவும் சாமானை ஃபிரிட்ஜ், மிக்ஸி போல நினைக்க முடியாது.

ஏன் இந்தத் தொழில் இப்படி ஆடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நன்றாகப் பராமரித்த ரெகுலேட்டர் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். ஒருமுறை வாங்கியவர் அடுத்த இருபது வருடம் உதிரிப் பாகம் மட்டுமே வாங்குவார். ஆக, புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை நம்பித்தான் வியாபாரம். 2020-இல் பெருந்தொற்று வந்து உலகத்தில் விமானமும் ரிசார்ட்டும் நின்றபோது அந்தப் புதியவர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். எங்கள் சென்டரில் அந்த வருடம் பாதிக்கு மேல் சிலிண்டர்கள் நிரப்பாமலே நின்றன. முதலீட்டு நிறுவனங்கள் ஒரு கம்பெனியை வாங்கும்போது கடன் வாங்கி, அந்தக் கடனை வாங்கிய கம்பெனியின் தலையிலேயே வைப்பது வழக்கம். விற்பனை நின்றாலும் வட்டி நிற்காது. 2022 முதல் உலகின் பல நாடுகளில் வட்டி ஏறியது. இன்னொரு பக்கம், நீருக்குள் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் சந்தைக்குள் வாட்ச் கம்பெனிகள் நுழைந்தன. 2017-இல் கார்மின் டிசென்ட், 2022-இல் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா. கம்ப்யூட்டர்தான் லாபம் நிறைய தந்த சாமான். அங்கேயும் கை வைத்தார்கள்.

சரி, கம்பெனி விழுந்தால் நடப்பது என்ன? அப்படி விழுந்தவை ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

டாக்கோர் அமெரிக்காவின் பழைய பெயர்களில் ஒன்று, 1950-களில் தொடங்கியது. 1990-களின் கடைசியில் மாரெஸ் வைத்திருக்கும் இதே ஹெட் குழுமம் அதை வாங்கியது. சில வருடம் பெயர் ஓடியது, பிறகு மெல்ல நிறுத்தப்பட்டது. இன்று டாக்கோர் ரெகுலேட்டர் வைத்திருப்பவர் பழைய கடைகளின் மூலையில் கிட் (சர்வீஸின்போது மாற்றும் சின்ன உதிரிப் பாகங்களின் தொகுப்பு) தேட வேண்டும்.

ஓஷானிக் கதை வேறு மாதிரி. 1972-இல் பாப் ஹாலிஸ் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. 2017-இல் தொடர முடியாமல் நின்றபோது யூட்டாவின் ஹூயிஷ் அவுட்டோர்ஸ் ஓஷானிக், ஹாலிஸ் ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டது. ஐந்தே வருடத்தில் அந்தப் பெயர் ஆப்பிள் வாட்சில் ஓஷானிக் பிளஸ் என்ற செயலியாக வந்தது. பெயர் பிழைத்தது, புது வேலையும் தேடிக்கொண்டது. ஆனால் 2010-இல் ஓஷானிக் டீலர் கொடுத்த ஆயுட்கால வாரண்டி அட்டையை வைத்திருந்தவருக்கு அதனால் என்ன லாபம்? இங்கேதான் நுணுக்கம். கம்பெனியின் பங்குகளை வாங்கினால் அதன் கடமைகளும் சேர்ந்து வரும். பெயரையும் அச்சுகளையும் சரக்கையும் மட்டும் வாங்கினால், பழைய வாக்குறுதிகளைச் சுமப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் வாங்கியவரின் விருப்பம். நல்ல பெயர் வேண்டும் என்று சுமப்பவர்களும் உண்டு. ஆனால் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கும் வரை நாம் நம்பியிருக்கக் கூடாது.

இதில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. அந்த ஓஷானிக் கம்ப்யூட்டர்களைச் செய்தது ஓஷானிக்கின் சகோதர நிறுவனமான பெலாஜிக் பிரஷர் சிஸ்டம்ஸ். ஷெர்வுட் பெயரில் வந்த கம்ப்யூட்டர்களையும் அவர்களே செய்தார்கள். ஷியர்வாட்டர் கம்ப்யூட்டர்களோடு வந்த, சிலிண்டர் அழுத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பழைய டிரான்ஸ்மிட்டர்களும் அங்கேதான் பிறந்தன. அந்த பெலாஜிக்கை 2015-இல் வாங்கியது யார் தெரியுமா? அக்வாலங். அதனால் 2017-இல் ஓஷானிக் நின்றபோதும் அதன் கம்ப்யூட்டரைச் செய்த ஆலை நிற்கவில்லை. அதேபோல ஒரு காலத்தில் ஜீகிள் பெயரில் விற்ற ரெகுலேட்டர்கள் ஏபெக்ஸ் செய்தவை. மேலே பொறித்த பெயரும் உள்ளே செய்த கையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் சாமானைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதைச் செய்தது யார் என்று கேளுங்கள். டீலருக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் செய்கிறவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் காட்டியது இதையெல்லாம் இல்லை. எங்கள் பட்டறை மேசைக்குக் கூட்டிப்போனேன். அன்று ஒரு வாடகை செட்டின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பாகம், மேசையில் இருந்தது. சிலிண்டரில் மாட்டி, இடைநிலை அழுத்தம் பார்க்கும் கேஜை ஹோஸ் முனையில் பொருத்தினேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வேலை அதை ஒன்பது, பத்து பாருக்கு இறக்கித் தருவது. முள் 9.5-இல் வந்து நின்றது. "நல்லாதானே அண்ணா இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். அரை நிமிடம் கழித்து 9.7. அப்புறம் 10. யாரும் தொடவில்லை, முள் தானாக ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 11-ஐத் தாண்டியபோது செகண்ட் ஸ்டேஜ் (வாயில் கவ்வும் பாகம்) 'ஸ்ஸ்' என்று சீற ஆரம்பித்தது.

பிரித்தேன். குற்றவாளி சட்டைப் பித்தானைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. உயர் அழுத்த சீட் என்பார்கள். உலோக விளிம்பு அதன்மேல் ஆயிரக்கணக்கான முறை வந்து உட்கார்ந்து எழுந்ததில் ஒரு வட்டத் தழும்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த வட்டத்தில் ஓர் இடத்தில் மயிரிழை வெட்டு. அவ்வளவுதான். புது சீட் போட்டு, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றி, மறுபடி மாட்டினேன். முள் 9.5-இல் நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அங்கேயே இருந்தது.

அந்தச் சின்னத் துண்டைக் கையில் கொடுத்துச் சொன்னேன்: கம்பெனி போனால் நீ இழக்கப்போவது இது மாதிரி சில சின்னத் துண்டுகளைத்தான். ஹோஸ்கள் பெரும்பாலான கம்பெனிகளுக்குப் பொதுவான திருகு அளவில் வருகின்றன. இன்று ஒரு கடையில் வாங்கும் ஹோஸ் முப்பது வருட பழைய ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலும் பெரும்பாலும் பொருந்தும். பிரஷர் கேஜும் அப்படியே. ஓ-ரிங்குகளில் பெரும்பாலானவை பொதுவான அளவுகள்தான், ரப்பர் வகை மட்டும் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். சிலிண்டருக்கும் ரெகுலேட்டர் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை. மவுத்பீஸ் எங்கும் கிடைக்கும். சீட், டயாஃப்ரம் என்ற சவ்வு, செகண்ட் ஸ்டேஜ் சீட், இன்னும் ஓரிரண்டு வடிவங்கள். இவைதான் அந்தக் கம்பெனியின் கையில் இருக்கின்றன. ஒரு சர்வீஸ் கிட் என்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிவிடும்.

இனி வழிகளை ஒப்பிடலாம். அவளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன: இப்போதே விற்றுவிட்டு வேறு கம்பெனிக்குப் போவது, கிட் சேர்த்துக்கொண்டு வைத்திருப்பது, ஒன்றும் செய்யாமல் பார்ப்பது, விலை விழும்போது இன்னும் வாங்குவது. நான்காவது வழி அவள் மனதில் ஏற்கெனவே இருந்தது. பாதி விலைக்கு ஒரு கம்ப்யூட்டர் எங்கோ பார்த்திருந்தாள்.

விற்றுவிடுவது

செய்தி வந்த வாரத்தில் விற்கிறவர் மிக மோசமான விலைக்கு விற்பார். வாங்க வருகிறவரும் அதே செய்தியைப் படித்துவிட்டுத்தான் வருவார். 45,000 ரூபாய்க்கு வாங்கியதை 15,000-க்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு 50,000 போட்டு வேறு கம்பெனியின் ரெகுலேட்டரை வாங்க வேண்டும். அந்தக் கம்பெனிக்கு நாளை ஒன்றும் ஆகாது என்று யார் உறுதி கொடுத்தார்கள்? ஸ்கூபாபுரோ 1963-இல் தொடங்கியது, ஜான்சன் அவுட்டோர்ஸ் என்ற பெரிய குழுமத்தின் கீழ் இருக்கிறது. அது ஒரு பலம்தான். ஏர் லிக்விட் அதைவிடப் பெரிய குழுமம். ஒருநாள் அதுவும் 'இது எங்கள் முக்கியத் தொழில் இல்லை' என்று விற்றுவிட்டது. பெரிய வீட்டுப் பிள்ளை என்பதை மட்டும் பார்த்துப் பெண் கொடுக்க முடியாது.

ஆனால் விற்பதுதான் சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. உங்கள் ஊரில், உங்கள் மாநிலத்தில் அந்தக் கம்பெனியின் சாமானைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், கம்பெனி நன்றாக இருக்கும்போதே அது உங்களுக்குச் சரியான சாமான் இல்லை. அடுத்து ரீபிரீதர். விட்ட மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தருகிற அந்தக் கருவியில் ஆக்சிஜன் சென்சார், மின்னணுப் பலகை, மென்பொருள் என்று பெரும்பாலானவை அந்த ஒரு கம்பெனியோடு கட்டப்பட்டவை. விட்ட மூச்சை நீரிலேயே விட்டுவிடும் சாதாரண (ஓபன் சர்க்யூட்) ரெகுலேட்டர் பழுதானால் பெரும்பாலும் சீறிக் காற்றைக் கொட்டும், உங்களுக்குத் தெரியும், மேலே வந்துவிடலாம். ரீபிரீதர் பழுதானால் ஒன்றும் தெரியாமலே நினைவு போகலாம். தள்ளாடும் கம்பெனியின் ரீபிரீதரில் ஒரு நாள்கூட இறங்காதீர்கள். நஷ்டத்துக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

வைத்திருப்பது

என் மனம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சில கம்பெனிகள் வருடம் ஒரு முறை சர்வீஸ் சொல்கின்றன. சில, இரண்டு வருடம் அல்லது 100 டைவ், நடுவில் ஒரு பரிசோதனை என்கின்றன. வருடத்துக்கு இருபது, முப்பது டைவ் போகிறவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு கிட் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிட் வாங்கி வைத்தால் ஆறு வருடம் போகும். ஆறு வருடத்துக்குள் அந்தக் கம்பெனியின் கதி தெளிவாகிவிடும். இரண்டு ஸ்டேஜுக்கும் சேர்த்து ஒரு கிட் சில ஆயிரம் ரூபாய். ரெகுலேட்டரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் மூன்று கிட்டின் விலை எவ்வளவோ குறைவு.

மாடலைப் பார்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும். பல வருடமாக ஒரே வடிவத்தில், லட்சக்கணக்கில் விற்ற எளிய மாடல் என்றால் தைரியமாக வைத்திருக்கலாம். உலகத்தில் அத்தனை பேர் வைத்திருக்கும்போது யாராவது ஒருவர் அந்த சீட்டைச் செய்து விற்பார். இது வெறும் நம்பிக்கை இல்லை. 1950, 60-களின் இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களுக்கு இன்றும் ஆர்வலர்கள் சிலிகோன் டயாஃப்ரமும் ஹோஸும் புதிதாக வார்த்து விற்கிறார்கள். பழையதைக் கொண்டு இன்றும் கடலுக்குள் போகிறார்கள். எளிமையாகச் செய்ததுதான் அந்தக் கருவிகளைக் காப்பாற்றியது. இரண்டு வருடம் மட்டும் விற்று நிறுத்திய மாடல், சிலிண்டரிலிருந்து கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் வாய், மூன்று விதத் திருகாணி என்று அலங்காரம் மிகுந்த மாடல் என்றால் கிட்டை முதல் வேலையாக வாங்குங்கள். அதற்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும்.

கிட்டை வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பருக்கு வெயிலும் சூடும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். மின் மோட்டாரிலிருந்து வரும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டைவ் சென்டர்களில் கிட் டப்பாவை எங்கே வைப்போம்? கம்ப்ரஸர் அறை அலமாரியில், மோட்டாருக்குப் பக்கத்தில். நானும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். புதிதாக எடுத்த ஓ-ரிங்கை மடக்கிப் பார்த்தபோது மேலெல்லாம் நுண்ணிய விரிசல். அன்றைக்கே டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

காத்திருப்பது

ஒன்றும் செய்யாமல் பார்க்கலாம் என்பது சோம்பல் போலத் தோன்றும். உங்கள் ரெகுலேட்டர் இப்போதுதான் சர்வீஸ் முடித்து வந்தது என்றால் அது நியாயமான முடிவுதான். அந்தக் காத்திருப்பில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: வாங்க வருகிறவர் எப்படிப்பட்டவர்.

முதலீட்டு நிறுவனம் வாங்கினால் அதனிடம் போட்டி ரெகுலேட்டர் கிடையாது. எந்த மாடலையும் நிறுத்த அவசரம் இருக்காது. ஆனால் சில வருடத்தில் மறுபடி விற்கும். நடுவில் கடன் ஏறும், பழைய மாடல்களின் உதிரியைக் கையிருப்பில் வைப்பது வீண் செலவு என்று கணக்குப் பிள்ளைகள் சொல்வார்கள். அதே தொழிலில் இருப்பவர் வாங்கினால் நிலைமை தலைகீழ். உதிரி கிடைக்காவிட்டால் டைவர்கள் எவ்வளவு கோபப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும், டீலர்களும் டெக்னீஷியன்களும் கையில் இருக்கிறார்கள். ஆனால் ஒரே குழுமத்தில் மாரெஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அக்வாலங் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், ஏபெக்ஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்று மூன்று குடும்பங்கள் எத்தனை நாள் தனித்தனியாக இருக்கும்? ஒருநாள் யாரோ மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். ஏபெக்ஸுக்குக் குளிர்நீர் டைவர்களிடம் இருக்கும் பெயர் பெரியது, அதைத் தொட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. விலை குறைந்த, நடுத்தர மாடல்களில்தான் கத்தி விழும். டாக்கோருக்கு நடந்ததும் இதே வீட்டில்தான் என்பதை மறக்க முடியவில்லை. ஆனால் அக்வாலங்கின் பெயரும் அதன் உலகளாவிய விற்பனையும் டாக்கோரைவிடப் பல மடங்கு பெரியவை. இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன்: தொழிலில் இருப்பவர் கைக்குப் போவதையே நான் விரும்புவேன். மாடல் நின்றாலும் கிட் சில காலம் வரும். சீட் என்றால் என்ன என்றே தெரியாதவர் கையில் அந்த நம்பிக்கையும் இல்லை.

தள்ளுபடியில் வாங்குவது

தடுமாறும் கம்பெனியின் சரக்கு விலை விழும். டீலர் கையிருப்பைத் தீர்க்கப் பார்ப்பார். இது ஆபத்தா, வாய்ப்பா என்பது நீங்கள் வாங்கும் சாமானைப் பொறுத்தது.

மாஸ்க், ஃபின், வெட்சூட், பூட்ஸ், பை: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இவற்றுக்கு நாளை ஸ்பேர் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. மாஸ்க் பட்டை எங்கும் கிடைக்கும்.

பி.சி.டி., அதாவது காற்றை நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி: வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் சாதாரண வகையா, காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு திருகிக் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். இன்ஃப்ளேட்டருக்குப் பதிலாகக் கைப்பிடி நெம்புகோல் வைத்த மாதிரிப் புதுமைகள் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நெம்புகோல் உடைந்தால் பி.சி.டி. முழுவதும் குப்பை. முதுகுத் தகடும் 'சிறகு' எனப்படும் காற்றுப் பையும் தனித்தனியாக வரும் வகை என்றால் இன்னும் நல்லது, ஒரு பாகம் போனால் வேறு கம்பெனியின் பாகத்தை மாட்டலாம்.

ரெகுலேட்டரை வாங்கலாம், அதே பில்லில் இரண்டு கிட்டும் சேர்ந்து வந்தால் மட்டும். கிட் பிறகு தருகிறேன் என்றால் வேண்டாம்.

கம்ப்யூட்டர்தான் சிக்கல். அந்தப் பெண் பார்த்து வைத்திருந்தது சிலிண்டர் அழுத்தத்தையும் காட்டும் வகை, டிரான்ஸ்மிட்டரோடு. பாதி விலை. எனக்குப் புரிகிறது, யாருக்கும் ஆசை வரும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் நாம் மாற்றக்கூடியது பேட்டரி ஒன்றுதான். சென்சார் போனால், திரை போனால், பட்டன் நீர் உள்ளே விட்டால் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். போனோடு பேசும் செயலியைக் கம்பெனி புதுப்பிக்காமல் விட்டால் அடுத்த போன் மாற்றும்போது அதுவும் நின்றுபோகும். டிரான்ஸ்மிட்டர் தொலைந்தால் அதே வகை கிடைக்க வேண்டும். ரெகுலேட்டர் இருபது வருடச் சாமான் என்றால் கம்ப்யூட்டர் ஆறு, ஏழு வருடச் சாமான். அந்தக் கொஞ்ச காலத்திலும் கம்பெனியின் தயவு தேவை. வாங்கத்தான் வேண்டும் என்றால் டிரான்ஸ்மிட்டர் இல்லாத, கடையில் கிடைக்கும் சி.ஆர். 2032 அல்லது 2450 பேட்டரியை நாமே மாற்றக்கூடிய சாதாரண மாடலாகப் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: டைவ் பதிவுகளை எல்லாம் கம்பெனி செயலியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் டைவிங் ஆசையில் 2011-இல் ஆரம்பித்தது. பல கம்பெனிகளின் கம்ப்யூட்டரை நேரடியாகப் படிக்கும். கம்பெனி போனாலும் உங்கள் நூறு டைவின் கணக்கு உங்களிடம் இருக்கும்.

சின்ன சென்டர் நடத்துகிறவர்களுக்கு

இங்கே கணக்கு மாறுகிறது. தனி டைவருக்கு ரெகுலேட்டர் வீட்டுப் பொருள். நமக்கு அது தினமும் மூன்று முறை உப்பு நீரில் இறங்கும் பொருள். எட்டு செட் என்றால் வருடத்துக்கு எட்டு கிட், சில வருடம் பன்னிரண்டும் ஆகும். மூன்று வருடத்துக்குச் சேர்த்து வைப்பது பெரிய பணம். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல் கஸ்டம்ஸில் நின்றால் ஒரு மாதம் போய்விடும், சீசனே முடிந்துபோய்விடும். நான் செய்தது இது: எட்டு செட்டையும் மாற்றவில்லை. மிகப் பழையதாகிவிட்ட இரண்டைப் பிரித்து, நல்ல பாகங்களைத் துடைத்து, மற்ற ஆறுக்கும் தானமாக வைத்துக்கொண்டேன். அந்த இரண்டுக்குப் பதில் வேறு கம்பெனியின் எளிய பிஸ்டன் வகை ரெகுலேட்டர் இரண்டு வாங்கினேன். இப்போது ஒரு கம்பெனியின் கிட் வராமல் போனாலும் எல்லா செட்டும் ஒரே நாளில் நிற்காது. இரண்டு வகைக் கருவி, இரண்டு வகைக் கிட், இரண்டு சர்வீஸ் புத்தகம் என்று வேலை கூடியது உண்மைதான். அந்தத் தொல்லையை ஏற்றுக்கொண்டேன்.

முன்பணம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு விநியோகஸ்தருக்கு நான்கு பி.சி.டி.க்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். சாமான் வருவதற்குள் அவர் கடையை மூடிவிட்டார். கடனில் மூழ்கிய கம்பெனி அல்லது கடை மூடும்போது அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும் வேலை செய்தவர்களும் முன்னால் நிற்பார்கள், நியாயம்தான். முன்பணம் கொடுத்த நம்மைப் போன்றவர்கள் வரிசையின் கடைசியில். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குக் கம்பெனி தர வேண்டிய தொகையையும் தேங்கவிடாமல் உடனுக்குடன் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெண் ரெகுலேட்டரை விற்கவில்லை. அவளுடையது டயாஃப்ரம் வகை, நிறைய விற்ற மாடல், எங்களுக்குப் பிரித்துப் பூட்டத் தெரிந்தது. மூன்று கிட்டுக்கு ஆர்டர் போட்டோம். சாமான் வந்த பிறகே பணம் என்ற டீலரிடம். பாதி விலைக் கம்ப்யூட்டர் ஆசையை விட மூன்று நாள் ஆனது அவளுக்கு. பிறகு வேறொரு கம்பெனியின் சாதாரண வாட்ச் வகை ஒன்றைப் பழையதாக வாங்கினாள், பேட்டரியை அவளே மாற்றிக்கொள்கிறாள்.

கிட் மூன்றும் போன வாரம் வந்தன. ஒவ்வோர் உறையின் மேலும் வந்த தேதியை எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். "எங்கண்ணா வைக்கட்டும்?" என்றாள். பீரோவில், உன் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் என்றேன். அங்கே வெயிலும் இல்லை, மோட்டாரும் இல்லை.